நான்கு கம்பிக்குக் கீழே ஒரு சுரம்

மார்ச் 3

அத்தானுக்கு,

ஆறு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தாயிற்று. போதும். இதைத் தொலைபேசியில் கேட்டிருக்கலாம். கேட்டால் நீங்கள் ஏதாவது வேடிக்கையாகச் சொல்வீர்கள், பின்னாலிருந்து அக்கா சிரிப்பாள், நான் கேட்க வந்தது காற்றோடு போகும். அதனால் எழுதுகிறேன். பதிலும் எழுத்தில்தான் வேண்டும்.

சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு அந்தக் காப்பீட்டு நிறுவனத்தின் அரங்குக்கு வந்திருந்தேன். எதற்கு வந்தேன் என்பது உங்களுக்குத் தேவையில்லாத விஷயம். பக்கவாட்டுக் கதவு திறந்திருந்தது. மாலை நிகழ்ச்சிக்கு மைக் சரிபார்த்துக்கொண்டிருந்தீர்கள். உங்கள் கீபோர்டு, அதற்குப் பின்னால் டிரம்ஸ்காரர், கீழே மிக்சர் பலகையில் அதே பழைய சவுண்ட்காரர். பத்தொன்பது வருடம் நான் நின்ற இடத்தில், உங்கள் புதிய பேஸ் கிட்டார்காரர், அந்தப் பல் டாக்டர், நின்றுகொண்டிருந்தார். பல் பிடுங்குகிறவருக்குரிய நிதானத்தோடுதான் நின்றார். அதைக் குறை சொல்லவில்லை.

அவர் தோளில் தொங்கிய பேஸில் கம்பிகளை எண்ணினேன். நான்கு. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி எண்ணினேன். கழுத்து நுனியில் இருக்கும் முறுக்காணிகளை எண்ணினேன். அவையும் நான்கு. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு வந்த வழியே போய்விட்டேன்.

நீங்கள் மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். அச்சகத்துக்கு மேலே இருக்கும் நம் பயிற்சி அறை. மற்ற இருவர் முன்னிலையில் நீங்கள் சொன்னது இது: "காலம் மாறிடுச்சு மச்சான். இனிமே நம்ம குழுவுல அஞ்சு கம்பி பேஸ்தான். வாங்கிட்டு வா, இல்லேன்னா விட்டுடு." நான் சொன்னேன்: "நாலு கம்பியில வராதது எதுவும் எனக்கு வேண்டாம்." நீங்கள் "அப்ப சரி" என்றீர்கள். டிரம்ஸ்காரர் தரையைப் பார்த்தார். சவுண்ட்காரர் ஒரே ஒயரை மூன்று தடவை சுருட்டினார். பத்தொன்பது வருடம் அந்த "அப்ப சரி"யில் முடிந்தது.

ஐந்தாவது கம்பி மந்திரக்கோல் இல்லை என்று அன்றே விளக்கினேன். கனமான கம்பி ஒன்று கூடுதல். இன்னும் சில சுரங்கள் கீழே இறங்கலாம். அதற்காகக் கிட்டாரின் கழுத்து அகலமாகிறது, கை சோர்கிறது, தொடாத கம்பி தானாக முனகுகிறது. யாரும் காதில் வாங்கவில்லை. அதற்கு முந்தின ஒரு வருடமாகவே நீங்கள் என்னை ஓரம் கட்டிக்கொண்டுதான் இருந்தீர்கள். என் தனி வாசிப்பை "நேரம் போதல" என்று வெட்டினீர்கள். மேடையின் அந்தக் கோடிக்கு, திரைச்சீலை மறைவுக்குப் போய் நிற்கச் சொன்னீர்கள்; நான் நகரவில்லை. ஒரு நாள் எல்லோர் எதிரிலும் "காதைக் கொஞ்சம் காட்டிட்டு வாயேன்" என்று கேலி செய்தீர்கள். ஒவ்வொன்றுக்கும் தேதி வைத்திருக்கிறேன்.

இப்போது சொல்லுங்கள். ஐந்து கம்பி இல்லையென்று என்னை அனுப்பிவிட்டு நான்கு கம்பிக்காரரை நிறுத்தியிருப்பதற்கு என்ன பெயர்?

இப்படிக்கு,
உங்கள் நாலு கம்பியாக இருந்தவன்

மார்ச் 9

அன்புள்ள நாலு கம்பிக்கு,

உன் கடிதத்தை முதலில் பிரித்தது உன் அக்கா. "தம்பி எழுதியிருக்கான்" என்று ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஆசையாகத்தான் உட்கார்ந்தாள். படித்து முடித்ததும் என் கையில் கொடுத்து, "நீங்களே பாத்துக்குங்க" என்று உள்ளே போய்விட்டாள். நான் கடிதம் எழுதி இருபத்தெட்டு வருடம் இருக்கும். கடைசியாக எழுதியது அவளுக்கு. அதன் விளைவை இன்றுவரை அனுபவிக்கிறேன்.

விஷயம் ஒன்றுமில்லை. டாக்டரின் ஐந்து கம்பி பழுது பார்க்கப் போயிருக்கிறது. அன்று மட்டும் பழையதை எடுத்து வந்திருந்தார். நீ வந்த நாள் அப்படிப் பொருந்திவிட்டது.

அதுசரி, அவ்வளவு தூரம் வந்தவன் உள்ளே வரக்கூடாதா? கதவுக்குப் பின்னால் நின்று கம்பி எண்ணுவானேன்? கம்பி எண்ண வேண்டியவன் நான்தான் என்று நீ சொல்வாய், தெரியும்.

வீட்டுக்கு வா. ஒருவேளை சாப்பிட்டுவிட்டுச் சண்டை போடு. ஆறு வருடமாக உன் அக்கா வீட்டில் எந்த நல்ல நாளுக்கும் ஒரு தட்டு கூடுதலாக வைத்துவிட்டு, பிறகு எடுத்து உள்ளே வைக்கிறாள். பழசைத் தோண்டாதே மச்சான். தோண்டினால் நல்லது எதுவும் வராது. இதை உன் நன்மைக்குத்தான் சொல்கிறேன்.

அன்புடன்,
அத்தான்

மார்ச் 15

அத்தானுக்கு,

இந்த ஊரில் பேஸ் கிட்டாரைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கடை வைத்திருப்பவர். நேற்று கல்லூரி முடிந்ததும் நேராக அவரிடம் போனேன். "டாக்டரா? அவர்கிட்ட அஞ்சு கம்பியே கிடையாதே சார். நாலு கம்பி, என்கிட்ட வாங்கினது. ஆறு வருஷமா அதே ஒண்ணுதான்" என்றார். என்னைப் பார்த்து வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தவர், கடையில் ஆள் இருந்ததால் நிறுத்திக்கொண்டார்.

பொய் சொல்வதிலாவது கொஞ்சம் பாடுபட்டிருக்கலாம் அத்தான். இருபது நிமிட நடையில் உடையும் பொய்யை எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள்.

இந்த அளவோடு முடித்துத் தபாலில் போடுவதாகத்தான் இருந்தேன். கோபத்தில் எனக்கு எழுத்து நன்றாக வரும். ஆனால் இன்று காலை ஒன்று நடந்தது. எழுத்து கோணியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் நாற்பத்தைந்தாவது பிறந்த நாளுக்கு மகள் ஒரு ஒலிப்பதிவு கொடுத்தாள், நினைவிருக்கும். எங்கள் கல்லூரி ஆண்டு விழாவில் நாம் வாசித்தது. சவுண்ட்காரரிடம் கேட்டு வாங்கினாள். நீங்கள் என்னை விலக்கியதும் அந்த மாதம்தான். ஆறு வருடமாக வாரத்துக்கு ஒரு முறையாவது அதைக் கேட்கிறேன். மேசைமேல் இருக்கும் கையகல ஸ்பீக்கரில்தான். அந்த அளவு ஸ்பீக்கரில் கனத்த சுரங்கள் வராது, மனம்தான் நிரப்பிக்கொள்ளும் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவன் நான். என் விஷயத்தில் அதை யோசிக்கவில்லை.

வேலைக்குப் போன ஊரிலிருந்து மகள் ஒரு நல்ல ஹெட்போன் அனுப்பியிருந்தாள். இடப்பக்கம் வேலை செய்யவில்லை, திருப்பி அனுப்ப வேண்டும். இருந்தாலும் வலப்பக்கம் அருமையாக இருந்தது. பேஸை மடியில் வைத்துக்கொண்டு காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். என் வாசிப்பைச் சுரம் சுரமாக எழுதி, "இதில் நான்கு கம்பிக்கு என்ன குறை கண்டீர்கள்?" என்று உங்களுக்கு அனுப்புவதாகத் திட்டம்.

இரண்டாவது பாட்டின் முடிவு உங்களுக்குத் தெரியும். எல்லா வாத்தியமும் ஓய்ந்தபின் பேஸ் மட்டும் இறங்கி வந்து நிற்கும். அது வந்து நின்ற இடத்தை என் கம்பிகளில் தேடினேன். இல்லை. கனமான கம்பியை விரல் வைக்காமல் மீட்டினேன். நான்கு கம்பிக்கு அதுதான் தரை. அதற்குக் கீழே எதுவும் கிடையாது. ஒலிப்பதிவில் இருக்கும் சுரம் அதற்கும் கீழே, இரண்டு படி கீழே இருக்கிறது.

கம்பியின் சுருதி ஏறியிருக்கும் என்று சுருதிக் கருவி வைத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. பதினொரு தடவை கேட்டேன். அந்த இடத்தில் நான் வாசிப்பது ஒரு ஸ்தாயி மேலே உள்ள சுரம். அதை எங்கே தேடியும் காணோம். முதல் பாட்டுக்குப் போனேன், மூன்றாவதுக்குப் போனேன். நான் வழுக்கிக்கொண்டு போகும் இடங்களில் இவன் நேராகப் போகிறான். என் விரல் ஒன்றுகூட அதில் இல்லை.

நான் அந்த மேடையில் இருந்தேன். வியர்க்க வியர்க்க வாசித்தேன். புகைப்படம் இருக்கிறது. விழா முடிந்ததும் எங்கள் முதல்வர் வந்து, "சார், அந்தக் கடைசிச் சத்தம் வயித்துக்குள்ள போயிடுச்சு" என்று கை குலுக்கினார். நன்றி என்று சொன்னேன்.

அது யாருடைய கை?

மார்ச் 27

மச்சான்,

ஐந்து தடவை எழுதிக் கிழித்தேன். இது ஆறாவது. வேடிக்கையாக ஆரம்பிக்கப் பார்த்தேன், முடியவில்லை.

அது என் கை. இடது கை.

கீபோர்டின் கீழ்ப் பாதியைப் பேஸ் சத்தத்துக்கு மாற்றி வைத்துவிட்டு, வலது கையில் என் வேலையையும் இடது கையில் உன் வேலையையும் பார்த்தேன். சவுண்ட்காரர் மிக்சரில் உன் இணைப்பை மூடிவிடுவார். உன் ஆம்ப் ஸ்பீக்கர் உன் பக்கத்தில் இருந்ததால் உனக்கு நீ கேட்டாய். அரங்குக்கு நீ கேட்கவில்லை. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. பதினான்கு மாதம்.

நீ பின்தங்க ஆரம்பித்தாய். கொஞ்சம்தான். வேடிக்கை என்னவென்றால், பயிற்சி அறையில் சரியாக இருப்பாய். பெரிய அரங்கில் ஏறினால் பின்னால் வருவாய். டிரம்ஸ்காரர் ஓடுகிறார் என்று அவரைப் பிடித்துக்கொண்டாய். "எனக்குத் தாளம் சொல்லித் தர்றியா? முதல்ல உன் காலுக்கு ஒரு கடிகாரம் வாங்கிக் கட்டு" என்று நீ கேட்ட பிறகு, அவர் குச்சிகளைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நானும் உன் அக்காவும் வீட்டுக்குப் போய்த்தான் அழைத்து வந்தோம்.

இடப்பக்கமிருந்து கூப்பிட்டால் நீ திரும்புவதில்லை. முதலில் அதைத் திமிர் என்று நினைத்தோம். உன்னிடம் அது எப்போதும் இருப்பில் உள்ள சரக்கு என்பதால் வேறு சந்தேகம் வரவில்லை. புரிந்த பிறகுதான் காதைக் காட்டச் சொன்னேன். அது கேலி இல்லை. நீ நான்கு நாள் பேசவில்லை. மேடையின் மறுபக்கம் போகச் சொன்னது டிரம்ஸ் உன் வலது காதுக்கு வரும் என்பதற்காக. திரைச்சீலையை நான் யோசிக்கவே இல்லை. தனி வாசிப்பை நிறுத்தியது நேரம் போதாமல் இல்லை. அந்த நேரத்தில் உன் இணைப்பைத் திறந்தாக வேண்டும்.

அந்த வருடம்தான் கல்லூரியில் துறைத் தலைவர் பதவியை உனக்கு இளையவருக்குக் கொடுத்தார்கள். உன்னை விலக்கிவிடலாம் என்று நான் சொன்னபோது உன் அக்கா என்ன சொன்னாள் தெரியுமா? "இதையும் அவன்கிட்டேர்ந்து பிடுங்கிடாதீங்க. உங்களுக்கு ரெண்டு கை இருக்குல்ல" என்றாள். அப்படி ஆரம்பித்ததுதான்.

எப்படி முடிந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். உன் பிறந்த நாளுக்கு உன் மகள் சவுண்ட்காரரிடம் போய், "அங்கிள், அப்பா வாசிக்கிறதை மட்டும் தனியா எடுத்துக் குடுங்க" என்று கேட்டாள். அவர் ஒரு காரணம் சொல்லி முழுப் பதிவைக் கொடுத்து அனுப்பிவிட்டு, என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். "இன்னைக்குத் தப்பிச்சோம். அடுத்த தடவை அந்தப் பொண்ணு முகத்தை எப்படிப் பார்க்கிறது?" என்றார். மறுநாள்தான் ஐந்து கம்பியைச் சொன்னேன்.

எனக்கு ஐந்து கம்பி எதற்கு மச்சான்? என் இடது கையில் வேண்டிய அளவு கீழே போகலாம். நீ நிச்சயம் மறுத்துவிடும் ஒரு நிபந்தனை எனக்கு வேண்டியிருந்தது. உன் வாசிப்பைக் குறை சொல்லாமல், கருவியைக் குறை சொல்லி அனுப்பினால் நீ என்னைத் திட்டிக்கொண்டு நிமிர்ந்து போவாய் என்று கணக்குப் போட்டேன். திட்டுவது உனக்குக் கைவந்த கலை. நீ ஒருவேளை வாங்கிக்கொண்டு வந்து நின்றிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று நான் யோசித்துக்கூட வைக்கவில்லை. உன் பிடிவாதத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

கடைசியாக ஒன்று. இதை எழுத வேண்டாம், நேரில் போய்ச் சொல்லலாம் என்கிறாள் உன் அக்கா. நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இருந்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது. அந்த ஹெட்போனைத் திருப்பி அனுப்பாதே. இடம் வலம் மாற்றி, திருப்பி மாட்டிக் கேட்டுப் பார்.

அத்தான்

மார்ச் 30

கடிதம் கிடைத்தது. திருப்பி மாட்டிப் பார்த்தேன். ஹெட்போன் இரண்டு பக்கமும் நன்றாக இருக்கிறது. மற்றது பிறகு.

ஏப்ரல் 19

அத்தானுக்கு,

மூன்று வாரமாக உங்களுக்குப் பதில் எழுதுவதைத் தவிர எல்லா வேலையும் செய்தேன். விடைத்தாள் திருத்தினேன். ஆய்வுக்கூட அலமாரியை ஒழுங்குபடுத்தினேன். காது மருத்துவரிடமும் போனேன்.

ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு சிறிய அறை. சுவரெல்லாம் பஞ்சு. ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்தச் சொன்னாள் நர்ஸ். வலது காதுக்கு மளமளவென்று அழுத்தினேன். "இப்ப இடது பக்கம் சார்" என்று சைகை காட்டினாள். காத்திருந்தேன். கண்ணாடி வழியாக அவள் ஏதோ திருகிக்கொண்டிருந்தாள். நெடுநேரம் ஆனதும் கதவைத் திறந்து, "எப்பம்மா ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டேன்.

அவள் கருவியை அணைத்தாள். "முடிஞ்சிடுச்சு சார்" என்றாள்.

தொலைபேசியை எந்தக் காதில் வைப்பீர்கள் என்று மருத்துவர் கேட்டார். வலது. எப்போதும் வலதா? யோசித்துப் பார்த்தேன். வலது கையால் குறிப்பெடுப்பவன் நான். ஒரு காலத்தில் இடது காதில்தான் வைத்திருந்தேன். எந்த வருடம் கை மாறியது என்று எனக்கே தெரியவில்லை. உங்கள் கேலிக்குத் தேதி வைத்திருக்கிறேன். இதற்கு இல்லை.

பெரிய அரங்கில் மட்டும் ஏன் பின்தங்கினேன் என்பதற்கும் விடை கிடைத்தது. டிரம்ஸ் என் இடப்பக்கம். நேராக வந்த சத்தம் செத்த காதில் விழுந்திருக்கிறது. எதிர்ச் சுவரில் மோதித் திரும்பி வந்ததை வலது காதால் கேட்டு, அதைத்தான் தாளம் என்று பிடித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் கல்லூரி அரங்கின் நீளம் இருபது மீட்டர். போய்வர நாற்பது. நொடியில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு தாமதம். வருடா வருடம் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு இதே கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுகிறேன். முன்வரிசையில் உட்கார்ந்தும் முணுமுணுக்கிறார்கள் என்று இந்த வருடம் இரண்டு பேரை வெளியே அனுப்பினேன். இருவரும் என் இடப்பக்கத்தில் உட்காருகிறவர்கள்.

டிரம்ஸ்காரரிடம் நான் சொன்னதை நீங்கள் எழுதியபடியே வைத்துக்கொள்ளுங்கள். அதை நானே அவரிடம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

இப்போது உங்கள் முறை. நீங்களும் கொஞ்சம் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

"அப்ப சரி" என்று நீங்கள் சொன்ன பதினோராவது நாள் நான் ஐந்து கம்பி பேஸ் வாங்கினேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அதே கடையில். யாரிடமும் சொல்லக்கூடாது என்று கடைக்காரரிடம் சத்தியம் வாங்கினேன். ஆறு வருடமாக ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் பொருள் அறையில், மதிய இடைவேளையில், கதவைச் சாத்திக்கொண்டு பழகுகிறேன். அகலக் கழுத்துக்குக் கை பழக இரண்டு வருடம் பிடித்தது. சும்மா இருக்கும் கம்பி முனகாமல் கட்டைவிரலால் அமுக்கி வைக்க இன்னும் ஒரு வருடம். நீங்கள் ஒரு வார்த்தை கூப்பிடுவீர்கள் என்று காத்திருந்தேன். கூப்பிடவில்லை. இந்த வருடம் கர்வம் கொஞ்சம் தேய்ந்தது. அந்தச் சனிக்கிழமை அரங்குக்கு வந்தது அதற்குத்தான். காரின் பின் இருக்கையில் ஐந்து கம்பி இருந்தது. உங்கள் முன்னால் வந்து நின்று, "வாங்கிட்டேன், பாருங்க" என்று சொல்வதாக இருந்தேன். கதவருகே வந்து, மேடையில் நான்கை எண்ணினேன்.

என் பிடிவாதத்தை நம்பியது போதும் அத்தான். அது நீங்கள் நினைத்த அளவு உறுதி இல்லை.

நீங்கள் என்னை நீக்கியதை விட்டுவிடுகிறேன். நீக்காமல் வைத்திருந்தீர்களே, அந்தப் பதினான்கு மாதத்தைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. மேடையில் இருந்தவர்களுக்கும் கீழே இருந்தவருக்கும் தெரியும். வீட்டில் அக்காவுக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாமல் ஒவ்வொரு முறையும் குனிந்து வணங்கியிருக்கிறேன். முதல்வரிடம் நன்றி சொன்ன என் முகத்தை நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்கள். பாவம் பார்த்தீர்கள் என்று தெரிகிறது. பாவம் பார்க்கப்பட்டவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் கத்தியிருப்பேன், நான்கு மாதம் பேசாமல் இருந்திருப்பேன். அது பதினான்கைவிடக் குறைவு. ஆறு வருடத்தைவிட மிகவும் குறைவு.

அக்காமேல் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். கூடுதலாக வைத்து எடுக்கும் அந்தத் தட்டைப் பற்றி நீங்கள் எழுதிய வரியை நான்கைந்து தடவை படித்தேன் என்பதும் உண்மை. இரண்டையும் அவளிடம் சொல்லுங்கள்.

அடுத்த சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு வருகிறேன். அச்சகத்து மாடி வேண்டாம். சின்ன அறையில் நான் சரியாகத்தான் வாசிப்பேன், அது எதையும் நிரூபிக்காது. எங்கள் கல்லூரி அரங்குக்கு அனுமதி வாங்கிவிட்டேன். இருபது மீட்டர், எதிரே வெறும் சுவர். டிரம்ஸ்காரரும் சவுண்ட்காரரும் வர வேண்டும். அக்காவும் வர வேண்டும். நடு வரிசையில் உட்காரட்டும். டாக்டருக்கு விருப்பமானால் வரலாம், அவர் இடத்தைக் கேட்டு நான் வரவில்லை. நான் மறுகோடியில், திரைச்சீலைப் பக்கம், டிரம்ஸ் வலது காதுக்கு வரும்படி நிற்பேன். என் ஆம்பை அணைத்துவிடுவேன். சவுண்ட்காரர் என் இணைப்பைத் திறக்க வேண்டும், முழுதாக. இரண்டாவது பாட்டு மட்டும். உங்கள் இடது கையைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அக்கா அதைப் பார்த்துக்கொள்வாள்.

நான்கு கம்பியை எடுத்து வரவில்லை. ஐந்துதான். கடைசியில் இறங்கி நிற்கும் அந்தச் சுரத்துக்கு ஒரு முறை பாராட்டு வாங்கியிருக்கிறேன். அதை வாசித்துவிட வேண்டும்.

பின்தங்கினால் அங்கேயே, எல்லோர் எதிரிலும், என் வலப்பக்கம் வந்து சொல்லுங்கள். நான் பையை மூடிக்கொண்டு போய்விடுவேன், யாரையும் திட்ட மாட்டேன். பின்தங்காவிட்டாலும் சொல்லுங்கள். ஒன்று மட்டும், மழுப்பக்கூடாது.

கீழே என்ன போடுவது என்று அரை மணி நேரமாகப் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். 'நாலு கம்பி' என்று போட்டால் அது இனி உண்மை இல்லை. 'அன்புடன்' இன்னும் வரவில்லை. வெறும் மைத்துனன் என்று போட மனம் ஒப்பவில்லை. சனிக்கிழமை முடியட்டும், பிறகு பார்க்கலாம். தபால் எடுக்கும் நேரம் ஆகிறது. கையெழுத்துப் போடாமலே ஒட்டி அனுப்புகிறேன்.